ஓரிரு ஆண்டு ஓடிய கார்: ஷோரூமில் வாங்குவதா, வெளியே வாங்குவதா?

புதிய கார், பழைய கார் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வகை கார் மலேசியச் சந்தையில் எப்போதும் இருக்கிறது. ஒருவர் வாங்கி ஓராண்டோ ஈராண்டோ ஓட்டிவிட்டு விற்பது; வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூமில் வைத்திருந்த 'டெமோ' கார்; நிறுவன அதிகாரிகள் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். மீட்டரில் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஏறியிருக்கும். விலையோ புதியதைவிடக் குறைவு.

இப்படிப்பட்ட கார் ஒரே மாடலில், ஒரே ஆண்டில், பல இடங்களில் கிடைக்கிறது. கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஷோரூமில் கேட்கும் விலை, வெளிக்கடையில் கேட்பதைவிடப் பெரும்பாலும் சில ஆயிரம் வெள்ளி கூடுதலாக இருக்கும். தனிநபரிடம் வாங்கினால் அதைவிடவும் குறையும். அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது என்ன என்பதுதான் கேள்வி. நம் நாட்டில் கார்க் கடன் 9 ஆண்டுகள் வரை நீளலாம். தவறான காரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அது பட்டறையில் நிற்கும் மாதத்திலும் தவணை கட்டியே ஆக வேண்டும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கெல்லாம் கிடைக்கிறது?

முதலாவது, கார் நிறுவனங்களே நடத்தும் பயன்படுத்திய கார் பிரிவு. டொயோட்டாவுக்கு 'டாப்மார்க்', பெரோடுவாவுக்கு 'பி.ஓ.வி.', பி.எம்.டபிள்யூவுக்கு 'பிரீமியம் செலெக்‌ஷன்' என ஒவ்வொன்றும் தனிப்பெயரில் இயங்குகிறது. தங்கள் பிராண்டு காரைத் தங்கள் தொழில்நுட்பர்களே பரிசோதித்து, உத்தரவாதத்துடன் விற்பது இவற்றின் நடைமுறை.

இரண்டாவது, எல்லாப் பிராண்டுகளையும் விற்கும் பயன்படுத்திய கார் கடைகள். நம் தாமான் சாலையோரங்களில் விலை அட்டையுடன் வரிசையாகக் கார்கள் நிற்பது இங்கேதான்.

மூன்றாவது, கார்சம், காரோ போன்ற இணைய வழி நிறுவனங்கள். இவை காரைத் தாங்களே வாங்கி, சோதித்து, நிலையான விலையில் விற்கின்றன. குறிப்பிட்ட நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதியையும் சில நிறுவனங்கள் தருகின்றன.

நான்காவது, தனிநபர். மூடா இணையத்தளம், முகநூல் சந்தை, அல்லது தெரிந்தவர் வழியாக உரிமையாளரிடமே நேரடியாக வாங்குவது.

ஐந்தாவது, வங்கி பறிமுதல் செய்து ஏலத்தில் விடும் 'லெலோங்' கார்கள். ஆறாவது, ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் 'ரீகான்' கார்கள். கடைசி இரண்டும் தனி ரகம். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. புதிய கார் விற்கும் ஷோரூமில் இருக்கும் விற்பனை முகவர், "என்னிடம் ஒரு நல்ல கார் இருக்கிறது, ஓராண்டுதான் ஓடியது" என்று சொல்வதுண்டு. அது நிறுவனத்தின் பயன்படுத்திய கார் பிரிவைச் சேர்ந்ததாக இல்லாமல், வாடிக்கையாளர் ஒருவர் மாற்றிக் கொடுத்த காரை முகவர் தனிப்பட்ட முறையில் கைமாற்றுவதாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. ரசீது யார் பெயரில் வரும், பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் ரசீது இல்லையென்றால், நீங்கள் ஷோரூமுக்குள் நின்றாலும் ஷோரூமில் வாங்கவில்லை.

தொழிற்சாலை உத்தரவாதம் யாருக்குச் சொந்தம்?

பலர் ஷோரூமில் கூடுதல் விலை கொடுப்பதற்குச் சொல்லும் காரணம், "அங்கே வாங்கினால்தான் வாரண்டி கிடைக்கும்" என்பது. ஓரிரு ஆண்டு ஓடிய காரைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான்.

புதிய காருக்கு உற்பத்தி நிறுவனம் தரும் உத்தரவாதம் பொதுவாகக் காரோடு சேர்ந்தது. பெரோடுவா, புரோட்டோன் கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், டொயோட்டா, ஹோண்டா கார்களுக்குக் கிலோமீட்டர் வரம்பில்லாமல் 5 ஆண்டு என்பது இங்கே பரவலாக அறிமுகமான அளவு. ஓராண்டு ஓடிய காரை நீங்கள் யாரிடம் வாங்கினாலும், மீதமுள்ள ஏறக்குறைய 4 ஆண்டு உங்களுக்கு வந்து சேர வேண்டியதுதான். வெளிக்கடையில் வாங்கிய காரணத்தால் மட்டும் அது போய்விடுவதில்லை.

அது செல்லுபடியாக வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய உரிமையாளர் குறித்த காலத்தில், குறித்த கிலோமீட்டரில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் காரைப் பராமரித்திருக்க வேண்டும். ஒரு சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலோ, வெளிப்பட்டறையில் எஞ்சினைப் பிரித்திருந்தாலோ, மின் இணைப்புகளை வெட்டி ஒலிக்கருவியோ விளக்கோ பொருத்தியிருந்தாலோ, பழுது வரும் நாளில் உத்தரவாதம் மறுக்கப்படலாம். வாடகைக்கோ இ-ஹெய்லிங் சேவைக்கோ ஓடிய காருக்கு நிபந்தனை வேறாக இருக்கவும் வாய்ப்புண்டு.

உத்தரவாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். அது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. கார் முதன்முதலில் பதிவான நாளிலிருந்து தொடங்குகிறது. டெமோ காரில் பலர் ஏமாறுவது இங்கேதான். மீட்டரில் 3,000 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் ஷோரூம் நிறுவனத்தின் பெயரில் பதிவாகி 14 மாதம் கடந்திருந்தால், உத்தரவாதத்திலும் 14 மாதம் கரைந்துவிட்டது. அதோடு, கிரான் எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டாவது உரிமையாளர். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் இதைக் காட்டி விலையைக் குறைப்பார். டெமோ காருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இந்த இரண்டையும் ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் ஷோரூமின் கூடுதல் விலை எதற்கு?

சொந்த பிராண்டு காரை விற்கும் ஷோரூமுக்கு அந்தக் காரின் சர்வீஸ் வரலாறு கணினியிலேயே இருக்கும். எத்தனை கிலோமீட்டரில் எப்போது வந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுவனம் திரும்ப அழைத்த கார் என்றால், அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்பதும் தெரியும். இந்தச் சோதனைகளை அவர்கள் உங்களுக்காகச் செய்து முடித்திருக்கிறார்கள் என்பது முதல் பயன்.

இரண்டாவது பயன், கார் வாங்கிய பிறகு பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருப்பது. நாளைக்கே கியர்பெட்டியில் கோளாறு வந்தால், விற்றதும் அவர்கள்தான், பழுதுபார்ப்பதும் அவர்கள்தான், உத்தரவாதம் தருவதும் அவர்களின் நிறுவனம்தான். "நீங்கள் வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது.

முதல் பயனை வெளியே வாங்கினாலும் நீங்களே முயன்று பெற முடியும். உரிமையாளரின் ஒத்துழைப்போடு பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் விவரம் கேட்டால், சர்வீஸ் பதிவைப் பார்த்துச் சொல்வார்கள். விற்பவர் இதற்கு ஒத்துழைக்க மறுத்தால், அந்தக் காரை விட்டுவிடுவதே மேல். இரண்டாவது பயனைத்தான் எளிதில் ஈடுசெய்ய முடியாது. ஷோரூமின் கூடுதல் விலையில் பெரும்பகுதி அதற்கானதுதான்.

விலை வித்தியாசம் கடனில் கரையும் கதை

காரின் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. பயன்படுத்திய காருக்கு வங்கிகள் விதிக்கும் வட்டி பொதுவாகப் புதிய காருக்கான வட்டியைவிட அதிகம். இதனால் லாபம் என நினைத்தது எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். இதிலுள்ள விலையும் வட்டியும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நீண்டகாலமாக வழக்கிலிருந்த நிலையான வட்டி முறையில், 10 விழுக்காடு முன்பணத்துடன், 7 ஆண்டுக் கடனாகக் கணக்கிட்டுள்ளோம்.

புதிய கார் 60,000 வெள்ளி. கடன் 54,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. மொத்த வட்டி 11,340 வெள்ளி. முன்பணமும் சேர்த்து முடிவில் கொடுத்திருப்பது 71,340 வெள்ளி. மாதத் தவணை சுமார் 778 வெள்ளி.

அதே மாடல், ஓராண்டு ஓடியது, ஷோரூமில் 56,000 வெள்ளி. கடன் 50,400 வெள்ளி, வட்டி 4 விழுக்காடு. மொத்த வட்டி 14,112 வெள்ளி. முடிவில் கொடுத்திருப்பது 70,112 வெள்ளி. மாதத் தவணை 768 வெள்ளி.

அதே மாடல், வெளிக்கடையில் 53,000 வெள்ளி. கடன் 47,700 வெள்ளி, வட்டி அதே 4 விழுக்காடு. மொத்த வட்டி 13,356 வெள்ளி. முடிவில் கொடுத்திருப்பது 66,356 வெள்ளி. மாதத் தவணை சுமார் 727 வெள்ளி.

ஷோரூம் காரில் 4,000 வெள்ளி மிச்சம் என்று விலை அட்டை சொல்கிறது. கடன் முடியும்போது உண்மையில் மிஞ்சுவது 1,228 வெள்ளிதான். மாதத்துக்குப் பத்து வெள்ளி குறைவதற்காக ஓராண்டு உத்தரவாதத்தையும் முதல் உரிமையாளர் என்ற தகுதியையும் விட்டுக்கொடுக்கிறோம். இந்த நிலையில் புதிய காரே சிறந்தது. வெளிக்கடையில் வாங்கினால் 4,984 வெள்ளி மிஞ்சும். அது கணிசமான தொகைதான். ஆனால் சோதனைச் செலவும், பழுது வந்தால் தாங்க வேண்டிய ஆபத்தும் உங்கள் தலையில்.

ஆகவே, வாங்கும் இடம் எதுவாக இருந்தாலும் வங்கியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கடன் முடியும்போது நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" அந்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். ரொக்கமாகவோ பெரும்பகுதி முன்பணமாகவோ கொடுக்க முடிந்தவர்களுக்கு வட்டி வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது.

இந்தக் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். மைவி, அக்சியா, பெஸ்ஸா போன்ற பெரோடுவா கார்களின் மறுவிற்பனை விலை எளிதில் இறங்குவதில்லை. ஓராண்டு ஓடிய மைவியின் விலை புதியதை ஒட்டியே இருப்பதைச் சந்தையில் பார்க்கலாம். இவற்றில் ஓரிரு ஆண்டு ஓடியதை வாங்குவதால் மிச்சமாவது குறைவு. ஐரோப்பிய சொகுசுக் கார்களும் மின்சாரக் கார்களும் தொடக்க ஆண்டுகளில் வேகமாக விலை இறங்குகின்றன. அங்கே மிச்சம் பெரிது. பழுதுபார்ப்புச் செலவும் பெரிது என்பதால், அவற்றை நிறுவனத்தின் சொந்தப் பிரிவிலேயே வாங்குவது பாதுகாப்பு. மின்சாரக் கார் என்றால், மின்கலத்துக்குத் தனியாக வழங்கப்படும் உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது, உரிமையாளர் மாறினாலும் அது தொடருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளியே வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சின் சூடாகாத நிலையில் நீங்களே முடுக்குங்கள். முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, காரை மேலே தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு வெள்ளிக்குள் முடியும் இந்தச் செலவு பல ஆயிரத்தைக் காப்பாற்றும். பிறகு கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

டயர்: ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 10,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் காரில், காரைவிட வயதில் இளைய டயர்கள் நான்கும் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். மீட்டர் சொல்வதைவிட அதிகம் ஓடியிருக்கலாம்.

மோதல்: கதவு, பானெட், முன்பக்கச் சட்டம் ஆகியவற்றின் திருகாணிகளில் வண்ணம் உரிந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. கதவுகளின் இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

வெள்ளம்: 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்று ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் நீரில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கைப் பட்டையை முடிவு வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைத் தாங்கும் இரும்புத் தண்டில் துரு, உள்ளே அடைத்து வைத்த ஈரவாடை, அதை மறைக்க மிதமிஞ்சிய வாசனைத் திரவியம் ஆகியவை அறிகுறிகள்.

ஆவணம்: உரிமைச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். தயாரிப்பு ஆண்டு, பதிவு நாள் இரண்டையும் பாருங்கள். 2023இல் தயாராகி 2024இல் பதிவான காரை விற்பவர் 2024 கார் என்பார். வங்கியும் காப்புறுதி நிறுவனமும் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்க்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் போலீஸிலும் சம்மன் பாக்கி இருக்கிறதா என்று விற்பவரைத் தமது மைஜேபிஜே, மைபாயார் பிடிஆர்எம் கணக்குகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கறுப்புப் பட்டியலில் உள்ள வாகனத்துக்குப் பெயர் மாற்றம் நடக்காது.

காப்புறுதி: முந்தைய உரிமையாளரின் கோரிக்கையில்லாச் சலுகை காரோடு உங்களுக்கு வராது. அது ஆளுக்குரியது, காருக்குரியதன்று. உங்கள் பழைய காரில் நீங்கள் சேர்த்து வைத்த சலுகை இருந்தால், 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை போகும் அதை இந்தக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

'புஸ்பகோம் பாஸ்' என்றால் என்ன?

விற்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம், "புஸ்பகோம் பாஸ் ஆன கார்" என்பது. வாங்குபவர்கள் அதை உடல்நலச் சான்றிதழ் போல எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் மாற்றத்துக்காகச் செய்யப்படும் பி5 பரிசோதனை முதன்மையாகக் காரின் அடையாளத்தைச் சரிபார்க்கிறது. எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவை உண்மையானவையா, திருட்டுக் காரா, இரண்டு காரை வெட்டி ஒட்டியதா என்பதே அதன் அக்கறை. கடனில் வாங்கும்போது வங்கிக்காகச் செய்யப்படும் பி7 பரிசோதனை இன்னும் கொஞ்சம் விரிவானது. இரண்டுமே கியர்பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வதற்கானவை அல்ல. ஆகவே இந்தப் பரிசோதனையில் தேறுவது சட்டப்படி கட்டாயம். ஆனால் அதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கடைக்காரர் தரும் 'ஓராண்டு வாரண்டி'யையும் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றின் திட்டமாக இருக்கும். எஞ்சின், கியர்பெட்டிக்கு மட்டும்தானா, குளிர்சாதனத்துக்கும் உண்டா, ஒரு முறைக்கு எவ்வளவு வரை தருவார்கள், எந்தப் பட்டறைக்குப் போக வேண்டும் என்ற நான்கையும் கேளுங்கள்.

பணத்தாளில் கவனம்

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி, காரின் ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். "முன்பணமே வேண்டாம்" என்ற விளம்பரத்தின் பின்னால், ரசீதில் விலையை உயர்த்திக் காட்டி அதற்கேற்பக் கூடுதல் கடன் எடுக்கும் வேலை இருக்கலாம். 53,000 வெள்ளி காருக்கு 59,000 வெள்ளி என்று எழுதினால், அந்த அதிகப்படிக்கும் நீங்கள்தான் 7, 9 ஆண்டு வட்டி கட்டுகிறீர்கள்.

கடன் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள். பயன்படுத்திய பொருள் என்பதால் தரம் பற்றிய உறுதிமொழி எதுவும் இல்லை என்று எழுதி, அதை நீங்கள் அறிந்துகொண்டதாகக் கையெழுத்து வாங்கும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. அப்படிக் கையெழுத்திட்டால் பின்னர் வங்கியிடம் காரின் தரத்தைப் பற்றி முறையிடுவது கடினமாகும்.

'கையாளும் கட்டணம்', 'ஆவணக் கட்டணம்' என்று இறுதி நாளில் சேர்க்கப்படும் தொகைகள் ஒரு சில கடைகளில் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவதுண்டு. எதற்கு எவ்வளவு என்று பட்டியலாகக் கேளுங்கள். முன்பதிவுப் பணம் கொடுத்தால், கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

எங்கே வாங்கினீர்கள் என்பது உண்மையில் கைகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, வணிகமாகப் பொருள் விற்பவருக்குப் பொருந்தும். ஷோரூம், வெளிக்கடை, இணைய நிறுவனம் மூன்றும் இதில் அடங்கும். விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டமே தரும் உறுதி. பயன்படுத்திய கார் என்பதால் அதன் வயது, விலையை வைத்துத் தரம் எடைபோடப்படும். ஓராண்டு ஓடியதாகச் சொல்லி விற்ற காரின் எஞ்சின் இரண்டாவது வாரத்தில் நின்றுபோனால், அது ஏற்கத்தக்கதல்ல என்று வாதிட இடமுண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. ஆனால் விற்கும்போதே சொல்லிக் காட்டிய குறைக்குப் பின்னர் முறையிட முடியாது.

இத்தகைய வழக்கை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி. விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் கிடையாது. இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். காரின் விலை 50,000 வெள்ளியைத் தாண்டினாலும், பழுதுபார்ப்புச் செலவு அதற்குள் இருந்தால் அதைக் கோரலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளி ஆகிறார். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வையுங்கள். அவைதான் சாட்சி.

மீட்டரைக் குறைத்து விற்பது, மோதிய காரை மோதாதது என்று சொல்லி விற்பது போன்றவற்றைப் பொய் வணிக விவரிப்பாக உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆலோசனையை நாடலாம்.

தனிநபரிடம் வாங்கினால் இந்தக் கதவு மூடிவிடுகிறது. அவர் வணிகம் செய்பவர் அல்லர் என்பதால் நடுவர் மன்றம் அவர் மீதான கோரிக்கையை எடுத்துக்கொள்ளாது. சிவில் நீதிமன்றம்தான் வழி. அங்கே எளிய நடைமுறையில் சிறுகோரிக்கை தாக்கல் செய்யும் வரம்பு 5,000 வெள்ளி மட்டுமே. தனிநபரின் விலை ஏன் குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலகி நிற்க வேண்டிய ஒன்று, விவரம் தெரிந்தவர்க்கே இரண்டு

'சம்புங் பாயார்' என்று விளம்பரம் செய்யப்படும் கார்களைத் தொடாதீர்கள். ஒருவர் கட்டிக்கொண்டிருக்கும் தவணையை நீங்கள் தொடர்ந்து கட்டுவது இது. கார் வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்ற உரிமையாளருக்கு உரிமை இல்லை. நீங்கள் நான்கு ஆண்டு ஒழுங்காகக் கட்டினாலும் கிரான் உங்கள் பெயருக்கு வராது. காப்புறுதியும் உங்கள் பெயரில் இருக்காது. நீங்கள் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் கார் இழுத்துச் செல்லப்படும். உங்களுக்குக் கேட்க நாதியில்லை.

ஏலக் கார்கள் 'இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்' விற்கப்படுகின்றன. ஓட்டிப் பார்க்க முடியாது. சாவிகூட இல்லாமல் போகலாம். பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கே அது ஏற்றது.

ரீகான் கார்கள் ஜப்பானில் சில ஆண்டு ஓடி இங்கே வருபவை. அல்பார்ட், வெல்ஃபயர், ஹாரியர் போன்றவை பெரும்பாலும் இப்படி வந்தவையே. கார் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இங்குள்ள அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரின் தொழிற்சாலை உத்தரவாதம் அதற்குப் பொதுவாகக் கிடையாது. விற்கும் கடை தருவதுதான் உத்தரவாதம். ஜப்பானிய ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். அதில் தர மதிப்பெண்ணும் கிலோமீட்டரும் இருக்கும். அதைச் சேசிஸ் எண்ணை வைத்துத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடனில் வாங்கி, மாதத் தவணைக்கு மேல் பழுதுச் செலவைத் தாங்க முடியாத குடும்பம், கார் பற்றி விவரம் அறிந்தவர் பக்கத்தில் இல்லாதவர்கள், விலையுயர்ந்த அல்லது மின்சாரக் கார் வாங்குபவர்கள் ஆகியோருக்கு நிறுவனத்தின் சொந்தப் பிரிவே ஏற்றது. அங்கே கேட்கும் விலையை வைத்துக் கணக்கிட்டு, புதிய காருக்கும் அதற்கும் மொத்த வித்தியாசம் ஓரிரு ஆயிரம் வெள்ளிதான் என்றால், காத்திருந்து புதிய காரையே வாங்குங்கள்.

தொழிற்சாலை உத்தரவாதம் இன்னும் மூன்று நான்கு ஆண்டு இருக்கிறது, சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்கிறது, மெக்கானிக் பார்த்துச் சரி என்றார் என்ற மூன்றும் சேர்ந்தால், வெளிக்கடையிலோ இணைய நிறுவனத்திலோ வாங்குவதில் தவறில்லை. கோளாறு வந்தால் அதைச் சரிசெய்யப் போவது எப்படியும் அதே பிராண்டின் சர்வீஸ் மையம்தான். சில ஆயிரம் வெள்ளி உங்களுக்கு மிச்சம்.

தனிநபரிடம் வாங்குவது, அந்தக் காரையும் அதை ஓட்டியவரையும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும், ரொக்கம் கையில் உள்ளவர்களுக்கும் பொருந்தும். விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், பணத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராக வங்கிக் கடனை அடைத்து, வங்கியின் உரிமைக்கோரல் நீக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை முழுப் பணத்தையும் கைமாற்ற வேண்டாம்.

எங்கே வாங்கினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை ஐந்து: பதிவு நாளும் தயாரிப்பு ஆண்டும் தெரியும் கிரான் நகல், சர்வீஸ் மையத்தில் சரிபார்த்த பதிவு, விற்பவரின் பெயரும் வாக்குறுதிகளும் எழுதிய ரசீது, உத்தரவாதத்தின் முழு நிபந்தனைகள், கடன் முடியும்போது ஆகும் மொத்தத் தொகை. இவற்றில் ஒன்றைத் தர விற்பவர் தயங்கினாலும், அடுத்த காரைப் பார்க்கக் கிளம்பலாம். ஓரிரு ஆண்டு ஓடிய கார்களுக்குச் சந்தையில் பஞ்சமில்லை.